கொட்டு முதல் கார்டிங் அறை வரை: தூத்துக்குடியின் வேலையிடக் காற்று

தூத்துக்குடியில் நடந்த தொழில்களில் பெரும்பாலானவை காற்றில் எதையாவது கலந்தவை. முத்துக்குளிப்பான சலாபம் அழுகல் வாடையைக் கலந்தது, சங்கறுப்பு ஓட்டுத்தூளை, பருத்தி பஞ்சுத்தூசியை, நிலாவாரை இலைப்பொடியை, துறைமுகம் தானியத் தூசியையும் நிலக்கரித் தூளையும். இவற்றில் மூக்கைப் பிடிக்க வைத்தவற்றைப் பற்றி எழுதி வைக்கப்பட்டது ஏராளம். வாடையே இல்லாமல் நெஞ்சுக்குள் போன தூசியைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். இந்த ஊரின் வேலையிடக் காற்றைப் பற்றிய வரலாறு நெடுகிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது.

வேலையிடத்துக் காற்று உடம்பைத் தாக்கும் வழிகள் பல. அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் யாராயிருந்தாலும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அளவு கூடினால் ஆளைச் சாய்க்கும். சிலிக்கா போன்ற கனிமத்தூள் நுரையீரலில் படிந்து பல ஆண்டுகள் கழித்துத் தழும்பாகும். ஒவ்வாமை வேறு வகை. பத்துப் பேர் சுவாசிக்கும் ஒரே தூசி ஒன்பது பேரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு ஒருவரை மட்டும் பிடிக்கும். அவருடைய உடம்பு அந்தத் தூசியிலுள்ள ஒரு புரதத்தைப் பகையாகக் கருதப் பழகிவிடுகிறது. பழகிய பிறகு மிகச் சிறு அளவே தும்மலுக்கும் இளைப்புக்கும் போதும். இந்தப் பழக்கம் ஏற்பட வாரங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதனால்தான் பத்து வருடம் நல்லபடியாக வேலை பார்த்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கும்போது, வேலையின் மேல் சந்தேகம் எழுவதில்லை. பனி, குளிர்ந்த தண்ணீர், வயது என்று வேறு எதன்மீதோ பழி போகிறது.

முத்துக்குளித்துறையின் காற்றைப் பற்றிய பதிவுகள் மிகப் பழையவை. சலாபம் நடக்கும் நாட்களில் தோணிகள் இரவின் பிற்பகுதியில் கரைக்காற்றில் கிளம்பி, பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்பும். கரைக்கு வந்த சிப்பியில் அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுத்த வியாபாரி சிப்பியை உடனே பிளப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பிளப்பது பெரும்பாடு. கத்தி முத்தைக் கீறிவிடும் என்ற பயமும் உண்டு. ஆகவே சிப்பிகள் கொட்டு எனப்படும் வேலியடைப்புக்குள் குவித்து அழுகவிடப்பட்டன. ஈ மொய்த்து முட்டையிடும். புழுக்கள் சதையைத் தின்னும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அந்தக் குவியலை வள்ளத்தில் கொட்டிக் கடல்நீர் ஊற்றி ஊறவைப்பார்கள். இருபுறமும் வரிசையாகக் குந்திய கூலியாட்கள் ஓட்டைத் தேய்த்துத் தேய்த்து எறிவார்கள். முத்தை வாயில் போட்டுக்கொள்ளாமலிருக்கக் கங்காணி அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அழுக்கு நீரைப் பலமுறை இறைத்த பின் அடியில் தங்கும் கசடைக் காயவைத்துச் சலித்துப் பொடி முத்துகளைப் பொறுக்குவது கடைசி வேலை.

இந்த நாற்றத்தை எழுதாத பார்வையாளர் அநேகமாக இல்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1889இல் தூத்துக்குடிச் சலாபத்தைப் பார்த்து, அடுத்த ஆண்டு மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்கள் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். அக்கரையில் இலங்கைச் சலாபங்களைப் பற்றியும் இதே போன்ற எழுத்துகள் உண்டு. அதிகாரிகளை நாற்றம் இவ்வளவு கவலைப்படுத்தியதற்கு அருவருப்பு மட்டும் காரணமல்ல. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே காலராவைக் கொண்டுவருகிறது என்று மருத்துவ உலகம் நம்பியது. சலாபக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். காலரா வருவதும் வழக்கம். 1883, 1884ஆம் ஆண்டுகளில் ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் காலராக் கிருமியைக் கண்ட பிறகுதான் பழி காற்றிலிருந்து குடிநீருக்கு மாறியது.

உண்மையில் கொட்டின் வாடை பெரிய வியாதிக்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. வேலை திறந்தவெளியில் நடந்தது, கடற்காற்று வீசிக்கொண்டேயிருந்தது, சலாபமும் சில வாரங்களில் முடிந்துவிடும். காற்றில் பறக்கும் ஒவ்வாமைப் பொருள் என்று பார்த்தால், கவனிக்க வேண்டியது காய்ந்த கசடைச் சலிக்கும் கடைசிக் கட்டத்தைத்தான். புழு, ஈக்கூடு, சிப்பிச் சதை எல்லாம் உலர்ந்து பொடியான தூள் அது; பூச்சித்தூள் இளைப்பு நோயை உண்டாக்கும் என்பது இன்று தெரிந்த விஷயம். அந்நாளில் எழுதியவர்கள் குவியலின் நாற்றத்தோடு நின்றுகொண்டார்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே கடைசி. அதன் பிறகு முத்துப் பார்களில் சிப்பி வற்றி, கொட்டும் இல்லாமல் போயிற்று.

முத்துக்குத் துளையிடும் தொழில் வீட்டுக்குள் நடந்தது. 1800களின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் அதைப் பார்த்தவர்கள் எழுதியபடி, தலைகீழாக வைத்த கூம்பு போன்ற மரக்கட்டையின் குழிகளில் முத்தைப் பொருத்தி, வில்லால் சுழலும் துளைக்கோலைக் கொண்டு துளையிடுவார்கள். பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர் இருக்கும். வேலைக்காரர் சுண்டுவிரலை நனைத்து நனைத்து முத்தின்மேல் சொட்டவிடுவார். துளைக்கோல் சூடாகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. தூள் பறக்காமல் சேறாகிவிட்டது உபரி லாபம். இன்றைய தொழிற்சாலை மருத்துவ நூல்கள் தூசியைத் தடுக்க முதலில் சொல்லும் வழிகளில் நனைத்தல் ஒன்று.

சங்கின் கதை அப்படியல்ல. கொற்கையிலும் பழைய காயலிலும் அறுபட்ட சங்குத் துண்டுகள் மண்ணில் கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் வளையல் அறுப்பு இங்கேயே நடந்ததற்கு அது சாட்சி. பிற்காலத்தில் தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குக் கப்பலேறியது. டாக்கா சங்கறுப்போர் தெருவின் ஒடுங்கிய வீடுகளில் அரைவட்ட வாளால் அது வளையலாக அறுபட்டது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூல் அந்தப் பட்டறைகளை விரிவாக விவரிக்கிறது. சிப்பி, சங்கு போன்ற ஓடுகள் சுண்ணாம்பாலானவை என்றாலும் சுண்ணாம்பை ஒட்டவைக்கும் புரதமும் அவற்றில் உண்டு. ஸ்பெயினில் சிப்பி ஓட்டில் பொத்தான் செய்த தொழிலாளருக்கு அந்தத் தூளாலேயே நுரையீரல் அழற்சி வந்ததை 1990 வாக்கில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தூத்துக்குடி சரக்கை அனுப்பியது. தூசியைச் சுவாசித்தவர்கள் டாக்காவில் இருந்தார்கள்.

பருத்திதான் தூத்துக்குடிக்குள்ளேயே, மூடிய கட்டடத்துக்குள், ஆண்டு முழுக்கத் தூசியைக் கொண்டுவந்த முதல் பெரிய தொழில். கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் விளைந்த பருத்தி வண்டிகளில் துறைமுகத்துக்கு வந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றபோது விலை ஏறி, ஏற்றுமதி பெருகியது. 1876இல் ரயில் வந்ததும் வரத்து இன்னும் கூடியது. ஜின்னிங் ஆலைகளும் பருத்திப் பேட்டைகளும் பேல் கட்டும் அழுத்த ஆலைகளும் எழுந்தன. அழுத்தப் பெட்டிக்குள் ஆள் இறங்கி உதிரிப் பஞ்சை மிதித்து நிரப்பிய காலம் அது. இலைத்துணுக்கு, காய்த்தோட்டின் சருகு, கரிசல் மண் எல்லாம் பஞ்சோடு சேர்ந்தே வந்தன.

ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையில் ஒரு நூற்பாலையையும், அந்தப் பத்தாண்டின் கடைசியில் தூத்துக்குடியில் கோரல் மில்லையும் தொடங்கினார்கள். நூற்பாலைக்குள் காற்றின் நிலை பகுதிக்குப் பகுதி மாறும். பேலைப் பிரித்து உதறும் புளோ ரூமில் கண்ணுக்குத் தெரியும் குப்பை பறக்கும். அடுத்துள்ள கார்டிங் அறையில் கம்பிப் பற்கள் பதித்த உருளைகள் பஞ்சைச் சீவி இழையை நேராக்கும். அந்தப் பற்களுக்கிடையில் சிக்கிய அழுக்கை நாளில் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும். ஆலையிலேயே மோசமான காற்று அந்த நேரத்தில், அந்த இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தது. ஸ்பின்னிங், ரீலிங் பகுதிகளுக்குப் போகப் போகத் தூசி குறையும். ஆனால் எங்குமே சன்னலைத் திறந்து வைக்க முடியாது. காற்று காய்ந்தால் இழை அறும். இழை அறுந்தால் உற்பத்தி போகும். ஆகவே நூலுக்குத் தேவையான ஈரம் அறைக்குள் பாய்ச்சப்பட்டது. ஆளுக்குத் தேவையான காற்று அதற்கு அடுத்த இடத்தில்தான் வந்தது.

பஞ்சுத்தூசி உண்டாக்கும் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இலேயே தொழில் நோய்கள் பற்றிய தம் நூலில் ஆளிநார், சணல் சீவுவோரின் இருமலை எழுதியிருந்தார். 1831இல் மான்செஸ்டர் மருத்துவர் கே, பருத்தி ஆலைத் தொழிலாளரின் நெஞ்சு நோயை விவரித்தார். 1877இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் அத்ரியன் புரூஸ்ட். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டின் தந்தை. இந்த நோயின் அறிகுறி விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும்; மூச்சு முட்டும். மறுநாள் குறையும். வாரக் கடைசியில் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பல ஆண்டுகளில் அது இரண்டு நாள், மூன்று நாள் என்று நீண்டு, கடைசியில் எந்நாளும் விடாத இளைப்பாகும். சாதாரண ஒவ்வாமைக்கு நேர்மாறான போக்கு இது. ஒவ்வாமை என்றால் வாரம் போகப் போகக் கூட வேண்டும். பருத்திச் செடியின் சருகில் வளரும் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சே இதற்கு முதன்மைக் காரணம் என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. பஞ்சு இழை அல்ல, பஞ்சோடு வரும் குப்பைதான் குற்றவாளி.

இந்த இடத்தில் 1908 வேலைநிறுத்தத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி, வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தூண்டுதலில் கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். விடிந்ததிலிருந்து அந்திவரை வேலை. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவை கோரிக்கைகள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது; 12ஆம் தேதி தலைவர்கள் கைதாயினர்; மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. இந்தக் கதையின் அரசியல் பாதி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆலைக்குள்ளிருந்த காற்று அதில் இடம்பெறவில்லை. தொழிலாளரும் கேட்கவில்லை, முதலாளியும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர்கள் கேட்ட மூன்றில் இரண்டு, தூசியோடு நேரடித் தொடர்புள்ளவை: வேலை நேரம் குறைந்தால் உள்ளே போகும் தூசி குறையும். வார விடுமுறை வேறொன்றையும் செய்யும். எல்லோரும் ஒரே நாளில் ஓய்ந்து ஒரே நாளில் திரும்பினால்தான், திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம் ஒரு கூட்டத்தின் நோயாகக் கண்ணில் படும். ஆளுக்கொரு நாள் லீவு போட்டு வரும் ஆலையில் அது தனித்தனி ஆட்களின் சீக்காகவே கணக்காகும். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை எழுதி வைத்திருந்தும் 1908இல் அதைப் போராடிப் பெற வேண்டியிருந்தது என்றால், நோய் மறைந்து கிடந்ததில் ஆச்சரியம் இல்லை.

1911 சட்டம் நூற்பாலை ஆண்களின் வேலையை நாளொன்றுக்கு 12 மணி நேரமாகக் கட்டுப்படுத்தியது. காற்றைப் பற்றிய விதிகள் இன்னும் மெல்ல வந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில்தான் அவை தெளிவாக இருந்தன. 13ஆம் பிரிவு காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் பற்றியது. 14ஆம் பிரிவு, தூசி எங்கே கிளம்புகிறதோ அதற்கு மிக அருகிலேயே உறிஞ்சும் ஏற்பாடு வேண்டும் என்றது. 15ஆம் பிரிவு செயற்கை ஈரப்பதத்துக்குக் குடிநீர்த் தரத்திலுள்ள நீரையோ சுத்திகரித்த நீரையோதான் பயன்படுத்தச் சொன்னது. அழுக்கு நீரைத் தூவினால் கிருமியையும் சேர்த்தே தூவுவதாகும் என்பதால். 16ஆம் பிரிவின்படி புதிய ஆலையில் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் தர வேண்டியிருந்தது, தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேல் உள்ள உயரம் கணக்கில் சேரவில்லை. மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் கண்டால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் பிசினோசிஸ் 19ஆவதாக இருந்தது. 1987 திருத்தம் பருத்தித் தூசிக்கு எண்ணும் வைத்தது: ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம்.

சட்டம் இருந்தும் இந்திய ஆலைகளில் இந்நோய் அரிது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. வெப்பநாட்டில் கதவு சன்னல் திறந்திருக்கும், ஆகவே வராது என்று காரணம் சொல்லப்பட்டது. இயங்கும் நூற்பாலையின் கார்டிங் அறைக்குள் ஒருமுறை போனவர் யாரும் அந்தக் காரணத்தை நம்பியிருக்க மாட்டார். அகமதாபாத் ஆலைகளில் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், புளோ ரூம் தொழிலாளரில் சுமார் 30 சதவீதத்தினருக்கும் கார்டிங் பகுதியில் சுமார் 38 சதவீதத்தினருக்கும் பிசினோசிஸ் இருந்தது. தென்தமிழ்நாட்டு ஆலைகளிலும் அதே இயந்திரங்கள்தாம் ஓடின. தொழிலாளர் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டார்கள்: மூக்கைச் சுற்றித் துண்டு, வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமோ கருப்பட்டியோ. துண்டின் நெசவு பெரிய பஞ்சிழையைத் தடுக்கும். நோயைத் தரும் நுண்தூசி அதன் ஊடாகப் போய்விடும். வெல்லம் தொண்டைக் கரகரப்புக்கு இதம். ஆனால் அது இறங்குவது இரைப்பைக்கு, நுரையீரலுக்கல்ல. தானியங்கிப் பேல் பிரிப்பான்களும், இயந்திரத்தை மூடி உள்ளிருந்தே உறிஞ்சும் குழாய்களும் வந்த பிறகுதான் பெரிய ஆலைகளில் காற்று தெளிந்தது. கழிவுப் பஞ்சைக் கையாளும் சிறு பட்டறைகளுக்கு இந்த மாற்றம் அவ்வளவாக எட்டவில்லை.

துறைமுகப் பண்டகசாலைகளின் காற்றில் இன்னும் பல சரக்குகள் கலந்தன. நிலாவாரையை முதலில் சொல்ல வேண்டும். சித்த மருத்துவம் நிலவாகை என்று சொல்லும் மலமிளக்கி இலை. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உலக மருந்துச் சந்தையில் அது திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரோடு விற்கிறது. கப்பலேறும் இடம் தூத்துக்குடி. செடியிலிருந்து உருவிய இலையை நிழலில் உலர்த்தி, காயையும் காம்பையும் பிரித்து, சலித்து, பேலாக அழுத்துவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை வாடையுள்ள நுண்பொடி எழும். சிட்னியில் மலமிளக்கி மருந்து தயாரிக்கும் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்து 1991இல் வெளியான கட்டுரை, இசப்கோல் பொடியோடு சென்னாப் பொடியும் இளைப்புக்கும் ஒவ்வாமைக்கும் காரணமாவதைக் காட்டியது. மருந்தாகிப் போய்ச் சேர்ந்த இடத்தில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இலையாகக் கிளம்பும் இடத்தில் அதைச் சலிக்கும் பெண்களுக்குத் தும்மல் வேலையின் ஒரு பகுதி.

பனைத்தும்பும் இவ்வகையே. மட்டையின் அடிப்பகுதியைத் தட்டி எடுத்த தும்பு, பிரஷ் செய்வதற்காக இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் இங்கிருந்து போனது. ஆணிகள் பதித்த சீப்பில் தும்பை இழுத்துச் சீவும்போது மட்டையின் உட்சோறும் மண்ணும் பொடியாக உதிரும். ஈரத்தோடு கட்டி வைத்த தும்பில் பூஞ்சை பிடித்திருந்தால் அந்தப் பொடியில் பூஞ்சை வித்துகளும் சேரும்.

தானியத்தூசியைப் பற்றித் துறைமுகங்களுக்கெல்லாம் பாடமான நிகழ்ச்சி ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடந்தது. 1981 முதல் 1987 வரை அந்நகரில் 26 நாட்களில், ஒரே நாளில் பெருங்கூட்டமாக ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவமனைக்கு ஓடிவந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாட்களோடு அவை ஒத்துப்போயின. வடிகட்டியில்லாத ஒரு சேமிப்புக் கோபுரத்திலிருந்து சோயாத் தோலின் தூசி காற்றோடு ஊருக்குள் போனதுதான் காரணம். வடிகட்டிப் பைகள் பொருத்தியதும் கொள்ளைநோய் நின்றது. ஊர்க்காரர்களுக்கு இப்படி என்றால், அந்தத் தூசிக்குள்ளேயே நின்று சரக்கிறக்கியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் கப்பல்கள் கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளியே நங்கூரமிட்டன. சரக்கு தோணியில் வந்தது. மூட்டைகள் தோளில் ஏறி இறங்கின. சாக்கு கிழிந்த இடத்தில் தூசி பறந்தது. 1974 ஜூலை 11ஆம் தேதி பெருந்துறைமுகமான புதிய துறைமுகத்தில் சரக்கு நேரே கரையேறியது. 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. ஐந்து அலகுகளும் சேர்ந்து 1,050 மெகாவாட். அதற்கான நிலக்கரி கன்வேயரில் போகிறது. நிலக்கரித்தூள் ஒவ்வாமைப் பொருளல்ல. ஆனால் ஏற்கெனவே இளைப்பு உள்ளவரின் மூச்சுக்குழலை அது சீண்டும். தண்ணீர் தெளிப்பதும் கன்வேயரை மூடுவதும் அதற்கான வழக்கமான தடுப்புகள். 1986ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கப்பல் தளத்துக்குள்ளேயும் காற்றோட்டத்தைக் கேட்கும் நிலையைக் கொண்டுவந்தது.

இப்போது மூடிய அறையில் பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடங்கள் மீன் பதப்படுத்தும் ஆலைகளும் உலர்மலர்க் கூடங்களும். இறாலை உரித்து, நீல நண்டை அவித்துச் சதை பிரித்து ஏற்றுமதி செய்கிறார்கள். நண்டு வேகும்போது எழும் ஆவி வெறும் நீராவி அல்ல. நண்டின் புரதத்தை நுண்துளிகளாகச் சுமந்துவரும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிநண்டு ஆலைத் தொழிலாளர் 303 பேரை ஆராய்ந்து 1984இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத் தொழில்சார் ஆஸ்துமா இருந்தது. அவிக்கும் இடத்தையும் உரிக்கும் இடத்தையும் சுவர் வைத்துப் பிரித்து, ஆவியை மேலே உறிஞ்சி வெளியேற்றுவதே இதற்கான தடுப்பு. குளிரறையில் காற்றை வெளியே விட்டால் குளிரும் போகும் என்பதால், உள்ளிருக்கும் காற்றே சுழன்றுகொண்டிருக்கும் ஆலைகளும் உண்டு. உலர்மலர்க் கூடங்களில் காய்ந்த காய், பூ, இலை, மரச்சீவல் ஆகியவற்றுக்கு வெளுப்பும் சாயமும் வாசனை எண்ணெயும் ஏற்றப்படுகின்றன. தாவரத்தூசியும் வேதிப்பொருளும் ஒரே மேசையில் கலக்கின்றன.

இந்தக் கூடங்கள் செய்தியில் இடம்பெற்றது தூசியால் அல்ல. 1997 ஜூலையில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு அருகிலிருந்த உலர்மலர்க் கூடத்தில் பெண் தொழிலாளர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மயங்கி விழுந்தார்கள். தாமிர ஆலையிலிருந்து கசிந்த வாயுவே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. அந்த ஆலை ஏற்படுத்திய மாசுக்காக உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் 100 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. 2024 ஜூலையில் தூத்துக்குடிக்கு அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து சுமார் 30 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே நாளில் கூட்டமாகச் சாய்ந்தால் ஆம்புலன்ஸ் வருகிறது, வழக்குப் பதிவாகிறது. இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இளைப்பவருக்கு இரண்டும் வருவதில்லை. சலாபக் காலத்து அதிகாரிகளின் மூக்கு எதைப் பதிவு செய்ததோ அதே வகைதான் இன்றும் பதிவாகிறது.

அலுவலகக் காற்று இதில் கடைசியாக வந்து சேர்ந்தது. டச்சு, ஆங்கிலேயக் காலப் பண்டகசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உயர்ந்த கூரையும் தாழ்வாரமும் எதிரெதிர் சன்னல்களும் இருந்தன. புழுக்கத்துக்காகச் செய்த அமைப்பு காற்றையும் மாற்றிக்கொண்டிருந்தது. குளிர்சாதனம் வந்ததும் சன்னல்கள் ஆணியடிக்கப்பட்டன, கூரை தாழ்ந்தது. கடலோர ஈரத்தில் கம்பளமும் மெத்தை நாற்காலியும் பழைய கோப்புக்கட்டும் தூசிப்பூச்சிக்கு நல்ல வீடு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சியின் எச்சம் உலகில் மிகப் பரவலான ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று. ஏசியின் நீர் வடியும் தட்டில் பூஞ்சை வளரும். வெளியே, 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டு மாவட்டம் முழுக்கப் பரவிய சீமைக் கருவேலத்தின் மகரந்தம் காத்திருக்கிறது. அதுவும் இந்தியாவில் அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள். எனினும் அலுவலகத் தும்மலையும் கார்டிங் அறை இளைப்பையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. முன்னதை அறையைச் சுத்தம் செய்தே பெரும்பாலும் குறைக்கலாம்.

2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தையும் 1986 துறைமுகத் தொழிலாளர் சட்டத்தையும் தன்னுள் எடுத்துக்கொண்டது. அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் அதிலும் உண்டு. பிசினோசிஸ் அதில் இருக்கிறது. பஞ்சுத்தூசி நோயைத் தொழில் நோயாக ஏற்று இழப்பீடு தரும் விதி இ.எஸ்.ஐ. சட்டத்திலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ஏற்கெனவே இருந்தது. அந்த இழப்பீடு கிடைக்க நோய்க்குச் சரியான பெயர் சீட்டில் விழ வேண்டும். விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்றோ, வேலையிடத்தில் கூடி வீட்டில் குறைகிறது என்றோ சொல்லும் நோயாளியிடம், எங்கே, எந்தப் பகுதியில், எத்தனை வருடமாக வேலை என்று மருத்துவர் கேட்க வேண்டும்; அவர் கேட்காவிட்டால் நோயாளி சொல்ல வேண்டும். கேட்காமலும் சொல்லாமலும் போனால், சீட்டில் ஆஸ்துமா என்று மட்டுமே எழுதப்படும். அதற்கு இழப்பீடு கிடையாது.